திரும்பி வரும் வரி



பாலாற்றங்கரையில் வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் சாலைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில் வேலை செய்யும் தொழிலாளியின் மகன் ஒரு முறை என்னிடம், "ஐயா, கல்லூரிக் கட்டணம் கட்டினால் அரசாங்கம் வரியைத் திருப்பித் தருமாமே! எங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டான். விடை கூறுமுன் அச்சலுகையின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

நம் நாட்டில் வருமான வரியை 1860-ஆம் ஆண்டில் புகுத்தியவர் ஜேம்ஸ் வில்சன். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் வறண்ட கஜானாவை நிரப்புவதே அன்றைய நோக்கம். நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, 2003-இல், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 88-ஆம் பிரிவில் பிள்ளைகளின் படிப்புக் கட்டணமும் இடம்பெற்றது. ஒரு பிள்ளைக்கு 12,000 ரூபாய் வரை கணக்கில் கொள்ளப்பட்டது. ஒன்றரை லட்சம் வரை வருமானமுள்ளோர்க்குப் பொதுவாக அதில் 20 விழுக்காடு, அதாவது 2,400 ரூபாய், வரியிலேயே குறைந்தது. அதற்கு மேற்பட்டோர்க்கு 15 விழுக்காடு. ஐந்து லட்சத்தைக் கடந்தோர்க்கு ஒன்றுமில்லை.

2005-இல் 80-சி பிரிவு வந்தது. அதன்படி கட்டணம் வருமானத்திலிருந்து கழிக்கப்பட்டது. அதே 12,000 ரூபாய்க்குப் பத்து விழுக்காடு வரி செலுத்துபவர் 1,200 ரூபாயும், முப்பது விழுக்காடு செலுத்துபவர் 3,600 ரூபாயும் மிச்சம் பிடித்தனர். எளியவருக்குச் சாய்ந்திருந்த தராசு வசதியுள்ளவர் பக்கம் சாய்ந்தது. 2023-24 முதல் இயல்பு முறையாகிவிட்ட புதிய வரிமுறையிலோ இக்கழிவே கிடையாது.

இனி, திரும்பி வருவது எது? முன்னரே பிடித்த வரி, செலுத்தவேண்டிய வரியினும் மிகுந்தால், அம்மிகுதியே திரும்பும். வரியே செலுத்தாதவருக்குத் திரும்ப ஏதுமில்லை. அமெரிக்காவில் 2009-இல் வந்த கல்விச் சலுகை வேறுவிதமானது. உயர்ந்த அளவான 2,500 டாலரில் 1,000 டாலர் வரை, வரி கட்டாதவருக்கும் கைக்கு வரும்.

"அப்படியானால் எங்களுக்கு ஒன்றுமில்லையா?" என்றான் அவன்.

"தந்தையின் ஊதியத்தில் வரி பிடிக்கவில்லை, ஆகவே இல்லை. நீ விடுமுறையில் ஈட்டிய பணத்தில் வரி பிடித்திருந்தால், கணக்குத் தாக்கல் செய்து மீட்கலாம்" என்றேன்.

1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1965-இல் மேல்விஷாரத்தில் எழுந்த கல்லூரி, தோல் வணிகர் அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வரிச்சலுகை எட்டாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இத்தகைய கல்லூரிகள் வாயில் திறந்தன. அம்மாணவனிடம் நான் இறுதியாகச் சொன்னது ஒன்றே: "உதவித்தொகை விண்ணப்பத்தை நாளைக்கே எழுது."