பந்துக்குப் பணம் வந்த வழி

கொக்குவில் இந்துக் கல்லூரி 1910ஆம் ஆண்டிலே தோன்றியது. அதன் கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுதுவோர் உளர். மைதானத்தில் உருண்ட பந்துக்குக் காசு கொடுத்தவர் யார் என எழுதுவோர் அரியர். ஆதலால் நாம் அதனையே எடுத்துக்கொண்டோம்.

எமது ஊர் சுருட்டுக்குப் பெயர்போன ஊர். கொட்டிலிலே ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றையோர் கேட்டபடியே சுருட்டுச் சுற்றிய காலம் ஒன்று இருந்தது. சுருட்டுத் தென்னிலங்கைக்குப் போயிற்று. காசு ஊருக்குத் திரும்பிற்று. யாழ்ப்பாணத்துச் சைவப் பாடசாலைகள் பலவற்றுக்கு வியாபாரிகளின் மடியே பண்டாரம். ஆனால் அக்காசு கட்டடத்துக்கும் சம்பளத்துக்குமே போதாது. விளையாட்டு எப்போதும் வரிசையிற் கடைசியிலேதான் நின்றது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. உதவி பெறும் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தது. மட்டை, பந்து, வலை என்பவற்றுக்கு ‘வசதிக் கட்டணம்’ என ஒரு சிறு தொகையை மாணவரிடம் வாங்கும் வழக்கம் பின்னர் உண்டாயிற்று. வறிய வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் பாரமே. குறைந்ததை நிரப்பப் பெற்றாரும் பழைய மாணவரும் வேண்டியிருந்தனர்.

1949 முதல் 1960 வரை இங்கு அதிபராயிருந்தவர் ஹன்டி பேரின்பநாயகம். 1924இல் எழுந்த மாணவர் காங்கிரசைத் தோற்றுவித்தோருள் ஒருவர் அவர். 1927 நவம்பரிற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துக் கதர் நிதிக்குப் பணந் திரட்டியது அவ்வியக்கம். ஊர்ப்பணத்திற் காசுக்குக் காசு கணக்குக் கேட்பவர் காந்தியடிகள். கணக்குக் கொப்பியை வருடாந்தக் கூட்டத்தன்று மாத்திரம் திறக்கும் தனாதிகாரிகளுக்காக இதனைச் சொல்லிவைக்கிறோம்.

1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்கு மாறின. இனி எல்லாம் அரசாங்கம் பார்க்கும் என்று கையை மடக்கியோரும் உளர். சம்பளத்தை அரசாங்கம் பார்த்தது. கிழிந்த வலையைப் பார்க்க ஊரார்தான் வேண்டும்.

1987 ஒக்டோபரிற் கல்லூரி அகதிகளின் புகலிடமாயிருந்தது. அங்கே எறிகணை வீழ்ந்து பலர் மாண்டனர். 1995இல் வலிகாமமே பெயர்ந்து போயிற்று. ஓடியோரிற் பலர் கடல் கடந்தனர். அவர்கள் இலண்டனிலும் கனடாவிலும் கூடிய பழைய மாணவர் சங்கங்களே சுருட்டு வியாபாரியின் இடத்தில் இன்று நிற்கின்றன.

அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் தூரத்துப் பணம் பெயர்க்கல் பதிக்கத்தக்க பெரிய வேலைகளையே நாடுகிறது. பந்தும், போட்டிக்குப் போகும் பஸ் கூலியும், பிள்ளைகளின் இடைவேளைத் தேநீரும் ஆண்டுதோறும் வருஞ் செலவுகள். அவற்றின் மேல் யார் பெயரைப் பொறிப்பது? கடைக்காரன் கணக்குச் சீட்டுப் பருவந் தவறாமல் வரும். வெளிநாட்டுப் பணம் எந்த மாதத்தில் வரும் என்பது தனாதிகாரிக்கே தெரியாது.