சாந்த்ராகாச்சி ஏரி: ஆகாயத்தாமரைக் கட்டுப்பாட்டின் வரலாறு

சாந்த்ராகாச்சி ஏரி மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில், சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்த நன்னீர் நிலை. கொல்கத்தாவுக்கு எதிரே, ஹூக்ளி ஆற்றின் மேற்குப் பக்கத்தில் உள்ள இந்த ஏரி தென்கிழக்கு ரயில்வேக்குச் சொந்தமானது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இங்கே தங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சீழ்க்கைச் சிறகிகள். ஊசிவால் வாத்து, கருவால் வாத்து முதலிய வலசைப் பறவைகளும் வருவதுண்டு. அயல் தாவரமான ஆகாயத்தாமரையை ஆண்டுதோறும் கட்டுப்படுத்தினால்தான் ஏரி பறவைகளுக்கு உகந்ததாக இருக்கும்.

பரவலும் முதல் முயற்சிகளும்

தென் அமெரிக்காவின் அமேசான் படுகைக்குரிய ஆகாயத்தாமரை, பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சாதகமான நீரில் ஒன்றிரண்டு வாரங்களில் இரு மடங்காகும் இச்செடி ஆறுகளை அடைத்தது, படகுப் போக்குவரத்தைத் தடுத்தது, நெல் வயல்களில் புகுந்தது. இதை ஆராய 1921இல் ஜகதீச சந்திர போஸ் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1936இல் வங்காள ஆகாயத்தாமரைச் சட்டம் வந்தது. தத்தம் நிலத்திலும் நீரிலும் உள்ள செடியை அகற்றும் பொறுப்பை அது நிலத்தை வைத்திருப்போர்மீது சுமத்தியது. ஒருவர் அகற்றி, பக்கத்துக் குளத்துக்காரர் விட்டுவைத்தால் உழைப்பெல்லாம் வீண் என்பதே சட்டத்தின் அடிப்படை. 1937 தேர்தலில் ஆகாயத்தாமரை ஒழிப்பு அரசியல் வாக்குறுதியாகவே ஆனது.

1980களில் இச்செடியைத் தின்னும் தென் அமெரிக்கக் கூன்வண்டுகள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பெங்களூரு ஏரிகளில் விடப்பட்டன.

ஒழிப்பும் கட்டுப்பாடும்

அயல் உயிரினத்தை முற்றிலும் ஒழித்த முன்னுதாரணங்கள் உண்டு. ரோமத்துக்காக 1929 முதல் பிரிட்டனில் வளர்க்கப்பட்டு, பண்ணைகளிலிருந்து தப்பிப் பெருகிய கொய்ப்பு என்னும் தென் அமெரிக்கக் கொறிவிலங்கு, 1981இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பொறிவைப்பு இயக்கத்தால் 1989க்குள் அந்நாட்டில் இல்லாமல் போனது. ஆகாயத்தாமரையில் அது எளிதன்று. அதன் விதைகள் சேற்றில் 15 முதல் 20 ஆண்டுகள் வரை உயிர்ப்புடன் கிடக்கும். சிறு துண்டு மிஞ்சினாலும் மீண்டும் பரவும்.

ஏரியில் நடைபெறும் பணி

செடி நீரை முழுதும் மூடினால் வெளிச்சமும் உயிர்வளியும் குறையும். வாத்துகள் இறங்கவும் நீந்தவும் இடமிராது. முழுதும் அகற்றினாலோ அவை அமர்ந்து ஓய்வெடுக்க இடமில்லை. எனவே பறவைகள் வருமுன், அக்டோபர், நவம்பர் மாதங்களில், பெரும்பகுதியை அகற்றிவிட்டு, மிஞ்சும் செடிகளைத் திட்டுகளாகச் சேர்த்து மிதக்கும் தீவுகள் அமைக்கிறார்கள். வனத்துறை, ரயில்வே, ஹவுரா மாநகராட்சி, பறவை ஆர்வலர் அமைப்புகள் ஆகியவற்றின் ஒத்துழைப்பு இதற்குத் தேவைப்படுகிறது. குளிர்காலக் கணக்கெடுப்பு அவ்வாண்டுப் பணியின் பயனைக் காட்டுகிறது.

கழிவுநீர்ச் சிக்கல்

சுற்றுப்புறக் குடியிருப்புகளின் கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் செடிக்கு உரமாகின்றன. இந்த மாசு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கானது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதற்கான செலவைப் பகிர்வதில் ரயில்வேக்கும் மாநில அமைப்புகளுக்கும் இடையே இழுபறி நீடித்தது. கழிவுநீர் வரத்து நிற்காதவரை, செடியை அகற்றுவது ஆண்டுக்கொருமுறை திரும்பச் செய்யவேண்டிய வேலையாகவே இருக்கும். ஏரியைக் காக்கும் நிலையான வழி, அதில் கலக்கும் நீரைத் தூய்மையாக்குவதே.