கீரியின் மரபும் குதிரையின் குருதியும்

ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் உதிர்ந்த பழத்துக்கு எலி வருகிறது. எலியைத் தேடி நாகம் வருகிறது. வெட்டிய மட்டைகளை அடுக்கிவைக்கும் வரிசைகள் இரண்டுக்கும் ஒதுங்கிடம். தீபகற்ப மலேசியாவின் தென்பகுதியில் வாழும் இந்த உமிழும் நாகம் கண்ணைக் குறிவைத்து நஞ்சைப் பீய்ச்சும், கடிக்கவும் செய்யும். அதே தோட்டத்தில் திரியும் காட்டுப்பன்றிக்கும் பக்கத்துக் காட்டின் கீரிக்கும் இயற்கை தந்துள்ள பாதுகாப்பு, மட்டை அள்ளும் தொழிலாளிக்கு இல்லை.

கீரி ஏதோ மூலிகையைத் தின்றுதான் நஞ்சை முறிக்கிறது என்பது தமிழர்களின் பழைய நம்பிக்கை. ஆய்வாளர்கள் முதலில் தேடியது குருதியில். சைகோனில் பாஸ்டர் நிறுவனத்தை நடத்திய ஆல்பர்ட் கால்மெட், நாக நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழக்கிய விலங்கின் குருதிநீர் பிற உயிரைக் காக்கும் என்பதை 1894-இல் அறிவித்தார். பாரிசில் ஃபிசாலிக்ஸ், பெர்த்ரான் இருவரும் விரியன் நஞ்சைக் கொண்டு அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தார்கள். குதிரை, நஞ்சுமுறி மருந்தின் ஊற்றானது அப்படித்தான்.

ஆனால் எல்லாக் குதிரைகளும் நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருளை ஒரே அளவில் சுரப்பதில்லை. இதில் மரபுக்கும் பங்குண்டு என்பதை 1970-களில் கிடோ பியோட்சியின் குழு எலிகளில் காட்டியது. தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து இனம்பெருக்கியபோது, எதிர்ப்பொருள் மிகுதியாகச் சுரக்கும் எலிகளும் குறைவாகச் சுரக்கும் எலிகளும் தனித்தனி வழிகளாகவே பிரிந்துவிட்டன.

எதிர்ப்பாற்றல் பிறப்பிலேயே வேறுபடும் என்ற இதே பாடத்தைத்தான் சிலந்தி நஞ்சும் சொன்னது. சிட்னியின் புனல்வலைச் சிலந்தி கடித்தால் மனிதனுக்கும் குரங்குக்கும் உயிர்போகும் ஆபத்து. முயலும் நாயும் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. மெல்பர்னில் ஸ்ட்ரூவன் சதர்லண்ட் அந்த முயலையே நாடி நஞ்சுமுறியை உருவாக்கினார். 1981-இல் அது புழக்கத்துக்கு வந்த பின் அச்சிலந்தியால் இறப்பு எதுவும் உறுதிசெய்யப்படவில்லை.

கீரியின் மர்மம் 1992-இல் துலங்கியது. நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ள, தசையின் மேற்பரப்பில் ஏற்பிப் புரதம் ஒன்று உண்டு. நாக நஞ்சு அதில் ஒட்டிக்கொண்டால் தசை அசையாது. மூச்சுத் தசை நின்றால் உயிர் போகும். இசுரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சாரா ஃபுக்ஸ் குழுவினர் கீரியின் ஏற்பியை ஆராய்ந்தார்கள். நஞ்சு வந்து அமரும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. 187-ஆம் இடத்தில் ஒரு சர்க்கரைக் கிளை முளைத்து நஞ்சை அண்டவிடாமல் மறித்தது. நாகமும் தன் நஞ்சிலிருந்து ஏறக்குறைய இதே முறையில்தான் தப்புகிறது. 2015-இல் பன்றி, முள்ளெலி, தேன்வளைக்கரடி ஆகியவற்றில் அதே இடத்தில் நேர்மின்னேற்றம் கொண்ட அர்ஜினின் இருப்பது தெரியவந்தது. அது நஞ்சைத் தள்ளிவிடுகிறது. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத மூன்று விலங்குகள், தனித்தனியே எட்டிய ஒரே தீர்வு இது.

மனிதன் முற்றிலும் வெறுங்கையனல்லன். நாகங்களோடு வாழ்ந்த ஆப்பிரிக்க, ஆசியக் குரங்கினங்களின் ஏற்பி, நாகமே இல்லாத மடகாஸ்கரின் லெமூர்களுடையதைவிட நஞ்சுக்குக் குறைவாகவே இடங்கொடுக்கிறது என்று 2021-இல் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது. மனிதனுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஒரு கடியிலிருந்து உயிரைக் காக்க அது போதாது.

ஆகவே தோட்டத் தொழிலாளியைக் காப்பது இரவல் எதிர்ப்பாற்றல்தான். மலேசிய மருத்துவமனைகள் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் குதிரைகளிலிருந்து தயாரிக்கும் நஞ்சுமுறிகளைப் பயன்படுத்துகின்றன. அந்த மருந்து உரிய நேரத்தில் உடலில் ஏற வேண்டும். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கையையோ காலையோ அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கண்ணில் நஞ்சு பட்டால் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தோட்ட நிர்வாகங்கள் இதைத் தொழிலாளர்களின் தாய்மொழியிலேயே எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.