கட்டிலும் பாயும்: பிள்ளையார்பாளையத்துக் கூடத்தில் ஒரு கணக்கு

உருட்டுக்கட்டைகளை அப்படியே பொருத்திச் செய்த அடுக்குக் கட்டில் படம் இப்போ பலரோட கைபேசியில சுத்துது. கீழே ஒரு படுக்கை, மேலே ஒரு படுக்கை, ஏற ஒரு ஏணி. மலைப்பக்கம் விடுதி நடத்துறவங்க வாங்குறாங்க, சரி. ஆனா பிள்ளையார்பாளையத்தில் இருக்கிற என் அத்தையும் அதைப் பத்திக் கேட்டாங்க. பேரப்பிள்ளைகள் ரெண்டு, கூடம் ஒண்ணு, அந்தக் கூடத்தில் தறி. நம்ம ஊரில் யார் எதில் படுத்தாங்கன்னு தேட ஆரம்பிச்சதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

கட்டியதால் கட்டில்

கட்டில் என்ற சொல்லிலேயே அதன் செய்முறை இருக்கு. நாலு கால், நாலு சட்டம், நடுவில் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமா இழுத்துக் கட்டினா கட்டில். வடமொழியில் இது 'கட்வா', இந்தியில் 'காட்'. அங்கிருந்துதான் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் 'காட்' என்ற சொல்லை எடுத்துக்கிட்டாங்க. வடமொழிச் சொல்லே திராவிட மூலத்திலிருந்து போனது, தமிழ்க் கட்டிலுக்கு உறவு என்று ஆங்கில அகராதிகளே குறிக்கின்றன. ஆக, உலகத்துக்கு நாம் கொடுத்த படுக்கை ரொம்ப லேசானது. காலையில் ஒரு ஆள் தூக்கி வாசலில் நிறுத்திடலாம்.

இன்னொரு பக்கம் கட்டில் அதிகாரத்தின் அடையாளம். நெடுநல்வாடை வர்ணிக்கிற பாண்டியன் அரண்மனைக் கட்டில் வட்டமானது. போரில் மாண்ட நாற்பது வயது யானையின் தந்தத்தால் செய்தது. புறநானூற்றின் 50ஆம் பாட்டில் மோசிகீரனார் தெரியாம முரசு கட்டிலில் படுத்துத் தூங்கிடறார். அது வெட்டுப்படவேண்டிய குற்றம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டாம விசிறி வீசினான் என்பதால்தான் அது பாட்டாச்சு. செய்தித்தாளில் இன்னைக்கும் 'ஆட்சிக் கட்டில்' என்றுதான் எழுதுறோம். 1967இல் அதில் ஏறிய அண்ணா, 1909இல் இதே காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்.

பாயைச் சுருட்டிய பெருமாள்

உழைக்கிறவன் வீட்டுப் படுக்கை பாய். காஞ்சியில் பாய்க்கு ஒரு கோயிலே சாட்சி. திருவெஃகா, அதாவது சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில். பல்லவ மன்னன் கணிகண்ணனை ஊரை விட்டுப் போகச் சொன்னதும், அவருடைய குருவான திருமழிசையாழ்வாரும் கிளம்புறார். 'நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா' என்று பெருமாளிடம் சொல்ல, அவரும் அப்படியே கிளம்பினாராம். மன்னன் மன்னிப்புக் கேட்டதும் எல்லோரும் திரும்பி வந்து, பெருமாள் மறுபடி பாயை விரித்துப் படுத்தார். அதனால்தான் கிடக்கிற திசை மாறியிருக்குன்னு தலபுராணம் சொல்லுது.

தறி இருக்கிற வீட்டுக்குள்ள நின்னு பார்த்தா இந்தக் கதை வேற மாதிரி புரியுது. பாயைச் சுருட்டினா அறை திரும்பக் கிடைக்கும். கட்டில் போட்டா கிடைக்காது.

கூடம் யாருடையது?

குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். மடிக்கு எதிரே துணி சுருட்டும் படமரம். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதற்கு முன் 'அடை' என்ற நூல் கட்டுமுறையால் பூவேலை எடுத்தாங்க. பெட்டி ஏறி உட்கார வேண்டியதால் கூரைக்கு உயரம் வேணும். பாவு நீட்டிப் பிணைக்க வீட்டில் இடம் பத்தாததால், விடியற்காலையில் தெருவே அதுக்குத் தளமாகும். வீட்டோட நீளம், உயரம், வெளிச்சம் எல்லாமே தறிக்காக அமைஞ்சது. மனுஷங்க மிச்ச இடத்தில் படுத்தாங்க.

அடுக்குக் கட்டில் நிக்கவும் உயரம் வேணும். அந்த வீட்டில் உயரம் இருக்கிற ஒரே இடம் தறி நிற்கிற இடம். அத்தை ஒரே வாக்கியத்தில் முடிச்சாங்க: "தறி இருக்கிற எடத்துல கட்டில் நின்னா, சோறு எங்கேருந்துடா வரும்?"

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. காஞ்சிப் பட்டின் பெருமையான கோர்வையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூணு நாடா ஓடணும், ஒரு ஆளால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து நாடா கொடுக்கிற ரெண்டாவது ஆள் பல வீடுகளில் அந்த வீட்டுப் பிள்ளைதான். அத்தையும் அப்படி உட்கார்ந்தவங்க, தூக்கம் வந்தா தறிக்குழி ஓரத்திலேயே சுருண்டவங்க. பிள்ளைகளை வேலைக்குக் கூப்பிட்ட அதே இடத்தில் இப்போ பிள்ளைகள் படுக்கை கேக்குறாங்க. கேக்கிறது நியாயம்தான். தறி போனா வருமானம் போகும் என்பதும் நிஜம். "இந்தப் பாவு முடியட்டும், பார்க்கலாம்" என்பதுதான் இப்போதைக்கு முடிவு.

உருட்டுக்கட்டையின் ஊர்

இந்தப் பாணிக்குப் பேர் கிடைத்தது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைக்காடுகளில். 1870களின் கடைசியில் வில்லியம் வெஸ்ட் டூராண்ட் ராக்கெட் ஏரிக்கரையில் 'பைன் நாட்' முகாமைக் கட்ட ஆரம்பிச்சார். பணக்கார நகரவாசிகள் கோடையில் காட்டில் தங்க, பட்டையோட இருக்கிற மரத்தில் வீடும் சாமானும். ஏழைக் குடியேறி வேற வழியில்லாம செய்ததை, வசதியானவர் ரசனையா எடுத்துக்கிட்டது அது. குளிர்நாட்டு ஊசியிலை மரத்துக்கு ஒத்துவந்த முறை.

நம்ம ஊர் வெக்கைக்கும் கரையானுக்கும் அது அப்படியே ஒத்துவராது. நடுத்தண்டோட இருக்கிற முழுக்கட்டை காயும்போது சுற்றுவாக்கில் அதிகமாவும், ஆரவாக்கில் குறைவாவும் சுருங்கும், அதனால் வெடிக்கும். பட்டைக்கு அடியில் வண்டு புகுந்து மரம் உளுத்துப்போகும். வெடிப்பில் மூட்டைப்பூச்சி குடியேறும். கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டுக் கொதிநீர் ஊத்தலாம். உருட்டுக்கட்டை அடுக்கை யார் தூக்கிப் போடறது?

மரத்தை நீரில் ஊறப்போட்டுப் பூச்சி அண்டாம செய்வது பழைய முறை. காஞ்சி அத்திவரதரும் நீருக்குள்தான் இருக்கார். வெளியே மட்டமான மரம்னு சொல்ற அத்தி, அனந்தசரஸ் குளத்துக்குள் நிலைச்சிருக்கு. 2019இல் 48 நாள் வெளியே வந்தபோது முதல் 31 நாள் கிடந்த கோலம், மீதி நாள் நின்ற கோலம்.

வாங்கத்தான் போறீங்கன்னா

ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் கட்டிலுக்கு ஒரு அத்தியாயமே வெச்சிருக்கார். தேக்கு, வேங்கை, சந்தனம் நல்லது. இடி விழுந்த மரம், பறவைக் கூடும் தேனடையும் இருந்த மரம் ஆகாது. நாலு வகை மரம் வரை சேரலாம், அஞ்சு சேர்ந்தா படுத்தவனுக்கு மரணம் என்கிறார். பயமுறுத்தல் போகட்டும். வேற வேற மரம் வேற வேற அளவில் சுருங்கும், இணைப்பு தளரும் என்பது தச்சர் இன்னைக்கும் சொல்றதுதான்.

என் பட்டியல் சின்னது. பட்டை முழுசா உரிச்சு, நல்லாக் காஞ்ச மரமா கேளுங்க. சவுக்கு உருண்டையா, மலிவாக் கிடைக்கும், ஆனா வெடிக்கும். வேம்பு, பூவரசு மேல். ஆறு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளையை மேல் அடுக்கில் படுக்கவைக்காதீங்க. மேல் படுக்கைக்கு நாலு பக்கமும் தடுப்பு வேணும். வெளிநாட்டுக் கையேடுகள் பெரிசா பேசாத ஒண்ணு: மேலே உட்காரும் பிள்ளை கை நீட்டினா மின்விசிறி எட்டுதான்னு முதல்ல பாருங்க. கடைசியா, கட்டில் நிக்கப் போற இடத்தில் இப்போ பகல்ல என்ன நடக்குதுன்னு ஒரு நாள் முழுக்கக் கவனிச்சிட்டு, அதுக்கப்புறம் அளவெடுங்க.