நேதாஜி கிளப்பிலிருந்து ஐ-லீக் கோப்பை வரை: நம்மில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு கால்பந்துக் கதை

 

போன வாரம் பின்லாந்தில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் போனில் பேசினார். "சார், இங்கே சின்ன ஊர்ல கூட ஒரு ஃபுட்பால் கிளப் இருக்கு. கீழ்ப்பிரிவுலதான் ஆடுது. ஆனா தாத்தா காலத்து வரலாறு எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. நம்ம பக்கம் அப்படி ஒண்ணு உண்டா சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. போனில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

உண்டு தம்பி. 1946-ல் சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஒன்று தொடங்கினார்கள். அந்த ஆண்டை யோசித்துப் பாருங்கள். இந்திய தேசிய ராணுவத்து வீரர்கள் மீது செங்கோட்டையில் வழக்கு நடந்து நாடே கொதித்திருந்த சமயம். மலேயாவிலும் பர்மாவிலும் அந்தப் படையில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். நம் ஆலங்குடி அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததே 1948-ல்தான். அப்படிப்பட்ட நாளில் ஒரு விளையாட்டுக் கிளப்புக்கு நேதாஜி பெயரை வைத்தார்கள் என்றால், அது வெறும் பந்து உதைக்கும் ஆசை மட்டும் இல்லை என்பது புரியும்.

அதன்பின் பல பத்தாண்டுகள் அது சென்னை உள்ளூர் லீக்கில் ஆடும் சாதாரணக் கிளப். பெரிய செய்தி எதிலும் அதன் பெயர் வராது. கிளப் விளையாட்டின் பெரும்பகுதி உலகம் முழுக்க அப்படித்தான். மேலே பத்துப் பன்னிரண்டு அணிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம், கீழே ஆயிரம் அணிகள் யாரும் பார்க்காமல் ஆடுகின்றன. அந்த ஆயிரம் இல்லாமல் இந்தப் பத்து இல்லை.

பிற்காலத்தில் கிளப்பின் பெயர் சென்னை சிட்டி எஃப்.சி. என்று மாறியது. 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடியாக இடம் கிடைத்தது. 1996-ல் தேசிய கால்பந்து லீக் என்று தொடங்கி, 2007-ல் ஐ-லீக் என்று பெயர் மாறியதே அந்தப் போட்டி. முதல் இரண்டு பருவங்களும் அட்டவணையின் கீழ்ப்பாதியில்தான் முடிந்தன. ஆனாலும் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு வாசலாக இருந்தது. குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், எட்வின் வான்ஸ்பால், ரோமாரியோ ஜேசுராஜ், நந்தகுமார் சேகர் எல்லாரும் இந்தச் சட்டையைப் போட்டு ஆடிவிட்டுத்தான் பெரிய அணிகளுக்குப் போனார்கள்.

இதற்கிடையில் கிளப் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தன் மைதானமாக்கிக்கொண்டது. பெயரில் சென்னை, ஆட்டம் கோவையில்!

பிறகு வந்தது 2018-19 பருவம். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயின் நாட்டுக் கீழ்ப்பிரிவுக் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ போன்றவர்களை அழைத்து வந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள், மான்சி மூன்று கோல். அந்தப் பருவம் முழுவதும் அவர் அடித்தது 21 கோல்.

அந்த வெற்றிகள் நம் பக்கத்தில் ஏன் பலருக்குத் தெரியவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பருவம் தொடங்கிய சில வாரங்களில், நவம்பர் 16-ந்தேதி விடியற்காலை கஜா புயல் வந்தது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததையும், வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் குடிதண்ணீருக்கு ஜெனரேட்டர் தேடி அலைந்ததையும் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. டிவி ஓடாத வீட்டில் எந்த ஆட்டத்தைப் பார்ப்பது?

கடைசி நாள் 2019 மார்ச் 9. சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு. ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை நம்மவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1! அங்கே ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றிருந்தது. இவர்கள் டிரா செய்திருந்தால்கூட கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். முடிவில் 43-க்கு 42. தேசிய லீக் பட்டத்தை ஒரு தமிழ்நாட்டு கிளப் வென்றது அதுவே முதல் முறை.

அதே ஆண்டு மே மாதம் லூதியானாவில் நம் மதுரை சேது எஃப்.சி. பெண்கள் அணி, இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தையும் கொண்டுவந்தது. ஆண், பெண் இரண்டு பட்டமும் ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுக்கு! பெண் பிள்ளைகளைப் பெற்ற நம் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பின் நடந்ததுதான் மனசுக்குக் கஷ்டம். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. எல்லாம் நன்றாகப் போகும் என்று நினைத்தார்கள். ஆனால் அதே 2019-ல் ஐ.எஸ்.எல். போட்டியே நாட்டின் முதல்நிலை லீக் என்று ஆக்கப்பட்டது. ஐ-லீக் ஒரு படி கீழே இறங்கியது. சாம்பியன் ஆன அணிக்கு மேலே ஏற வழி இல்லை. தேர்வில் முதலாவதாகத் தேறிய பிள்ளையிடம், "இனி இந்த வகுப்பே ஒரு வகுப்பு கீழே" என்று சொன்னது போல!

2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்தில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியோடு அகமதாபாதில் 2-2. அத்தோடு கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. 2021-22 பருவத்து ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி பெயரே இல்லை. கோப்பை வாங்கி மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. அன்று கோவையில் தோற்ற பஞ்சாப் அணியோ உரிமையாளர் மாறி, பெயர் மாறி, 2022-23-ல் ஐ-லீக்கை வென்று ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிவிட்டது. அதற்குள் ஏறும் வழி திறந்திருந்தது, ஏற வேண்டிய நம் அணிதான் களத்தில் இல்லை.

இப்போது பின்லாந்துக்கு வருகிறேன். அந்த நாட்டு மக்கள்தொகை சுமார் 55 லட்சம்தான். அங்கே ரெய்பாஸ் என்று ஒரு கிளப், 1891-ல் விய்புரி நகரத்தில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் அந்த நகரமே சோவியத் நாட்டுக்குப் போய்விட்டது. மக்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். கிளப்பையும் விடவில்லை. லஹ்தி என்ற ஊரில் அதே பெயரோடு மறுபடி தொடங்கி, 1963, 1967, 1970 ஆகிய ஆண்டுகளில் தேசிய சாம்பியன் ஆனார்கள். உலகம் கொண்டாடிய யாரி லிட்மனென் அங்கே ஆடத் தொடங்கியவர், அவர் தகப்பனாரும் அதே கிளப்பில் ஆடியவர். 1996-ல் அது இன்னொரு கிளப்போடு இணைந்து எஃப்.சி. லஹ்தி ஆனது. அதற்குப் பிறகும் ரெய்பாஸ் பெயரை விட மனமில்லாமல் மறுபடி அணி இறக்கி, கீழ்ப்பிரிவுகளில் ஆடினார்கள்.

அவர்கள் ஊரை இழந்தும் பெயரை விடவில்லை. இங்கே ஊரும் இருந்தது, பெயரும் இருந்தது, இரண்டையும் நாமே மாற்றிக்கொண்டோம். அங்கே கிளப் என்றால் சந்தா கட்டும் உறுப்பினர்களின் சங்கம். இங்கே கிளப் என்றால் முதலீட்டாளர். முதலீடு செய்பவர்களைக் குறை சொல்லவில்லை, பணம் இல்லாமல் மான்சியும் இல்லை, கோப்பையும் இல்லை. ஆனால் பணம் விலகும் நாளில் தாங்கிப் பிடிக்க ஊர் ஆட்கள் நூறு பேராவது வேண்டும்.

நம் பக்கத்து ஊர்களில் கபடி அணி, கால்பந்து அணி நடத்தும் தம்பிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டு போடுங்கள். எந்த ஆண்டு தொடங்கினீர்கள், யார் யார் ஆடினார்கள், யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள், எந்தத் திருவிழாவில் எந்த ஊரை ஜெயித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். மாதம் பத்து ரூபாயாவது உறுப்பினரிடம் சந்தா வாங்குங்கள். பெரிய ஸ்பான்சர் கிடைத்தாலும் அந்தச் சந்தாவை நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
ஆலங்குடி