மலை ஏறியோரும் கூரையின் கீழ் இருந்தோரும்

சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சிய அமெரிக்க மிஷனரிகள் 1845ஆம் ஆண்டில் கொடைக்கானலில் தங்கள் முதல் வீடுகளை எழுப்பினர். போளூரை உள்ளிட்ட மேல்மலைப் பகுதியில் உழவர்கள் அதற்கு முன்பிருந்தே வாழ்ந்தனர். அவர்களுக்குக் குளிர் ஓய்வன்று, அன்றாடம்.

மலையேற வழியற்றோருக்குக் கூரையே துணை. மெட்ராஸ் டெரஸ் எனப்பட்ட தளத்தில், தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்தனர். ஓட்டு வீடுகளில் ஓட்டுக்கும் அறைக்கும் நடுவே பலகை மச்சு நின்றது. பின்வந்த வெறுங்கான்கிரீட்டும் தகரமும் இத்தடுப்பைக் கைவிட்டன. லுஹர் வேளையில் ஏறிய சூட்டை இஷா கழிந்த பின்னரும் கான்கிரீட் தளம் கீழே உமிழ்கிறது. அதன் துன்பத்தை அடுக்களைப் பெண்களும் முதியோரும் அறிவர்.

1973 மே மாதம் ஏவப்பட்ட ஸ்கைலாப் விண்கலம் தன் காப்புக் கவசத்தை இழந்து, உள்ளே 50 பாகை செல்சியசைக் கடந்து கொதித்தது. வீரர்கள் அலுமினியம் பூசிய மெல்லிய குடையொன்றை விரித்தே அதனைத் தணித்தனர். இன்று ஓட்டின் அடியில் கட்டப்படும் அலுமினியத் தாளும் அதே தத்துவத்தைச் சார்ந்தது. ஆயினும் பளபளப்பான முகத்தின் எதிரே ஓரங்குலமேனும் காற்றிடைவெளி வேண்டும். ஒட்டிவிட்டால் அது வெப்பத்தைக் கடத்தும் வெறும் உலோகமே. விற்போர் பலரும் இதனைச் சொல்வதில்லை. அம்முகம் கீழ்நோக்கி இருப்பின் தூசியும் படியாது. கான்கிரீட் தளத்திற்கோ, கோடைக்கு முன் ஆண்டுதோறும் மேலே பூசும் வெள்ளைச் சுண்ணாம்பே மலிவானது.