அரசனின் பெயரும் காசோலையும்

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் கூறும். சொற்களின் வரலாற்றையோ அவற்றின் பொருள்களே கூறும். ஆங்கிலத்தில் வழங்கும் 'செக்' என்னும் சிறு சொல்லை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். வங்கியில் கொடுப்பது செக். இரயிலில் பயணச்சீட்டைப் பார்ப்பது செக். மாநில எல்லையில் ஊர்திகளை நிறுத்துமிடம் செக்போஸ்ட். கட்டம் போட்ட துணி செக். சதுரங்கத்தில் எதிரியின் அரசனைத் தாக்குவோன் உரைப்பதும் செக். பணம், ஆய்வு, தடை, துணி, விளையாட்டு ஆகிய இவ்வைந்தும் ஒரு சொல்லில் வந்து கூடியது எங்ஙனம்?

இவற்றுள் மூத்தது விளையாட்டே. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையையும் பலகைமேல் நிறுத்திய ஆட்டத்திற்குச் 'சதுரங்கம்' என்று வடமொழியார் பெயரிட்டனர். 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதம் இதனைக் குறிப்பிடுகிறது. பாரசீகம் சென்ற இவ்வாட்டம் அங்கே 'சத்ரங்' ஆயிற்று; அராபியரிடம் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. எதிரியின் அரசன் தாக்குதலுக்கு உள்ளானபோது பாரசீகர் 'ஷா' என்று எச்சரித்தனர். 'ஷா' என்றால் அரசன். தில்லியை ஆண்ட ஷாஜகானின் பெயரில் நிற்பதும் இச்சொல்லே. நம் நாட்டுச் 'சத்திரியன்' என்னும் சொல்லும் இதற்கு உறவே. இரண்டும் ஆளுதலைக் குறிக்கும் ஒரே பழவேரினின்று கிளைத்தவை என்பர் மொழிநூலார்.

அராபியர் வழியே ஐரோப்பா புகுந்த 'ஷா', இலத்தீனில் 'ஸ்காக்குஸ்' என்றும், பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' என்றும் உருமாறி, ஆங்கிலத்தில் 'செக்' என நிலைத்தது. அப்பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவமே 'செஸ்' ஆயிற்று. ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரும் ஆட்டத்தில் இடும் எச்சரிக்கையும் ஒருதாய் மக்களே என்பது இதனால் விளங்கும்.

இனி, பொருள் விரிந்த முறையைக் காண்போம். அரசன் தாக்கப்பட்டால் ஆட்டக்காரன் வேறு எதனையும் செய்ய இயலாது. முதலில் அரசனையே காத்தல் வேண்டும். ஆகவே 'செக்' என்பது திடீரெனத் தடுத்து நிறுத்துதலைக் குறித்தது. தடுத்தல் அடக்குதலாயிற்று, பிழையும் மோசடியும் நேராமல் அடக்குதல் சரிபார்த்தலாயிற்று. செக்போஸ்டில் தடையும் ஆய்வும் ஆகிய இரு பொருளும் இன்றும் சேர்ந்தே நிற்கின்றன.

சதுரங்கப் பலகையும் தன் பங்கிற்கு ஒரு கிளையை ஈன்றது. பலகையைப் பிரெஞ்சில் 'எஸ்செக்கியே' என்றனர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசிறைக் கணக்கைப் பார்க்க ஒரு பெரிய மேசை இருந்தது. ஏறத்தாழ 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உடைய அதன்மேல் கோடிட்ட கறுப்புத் துணியை விரித்தனர். பென்னி, சில்லிங், பவுண்டு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பத்தி வகுத்து, அவற்றில் காய்களை வைத்து நகர்த்திக் கணக்கிட்டனர். காண்போர்க்கு அது சதுரங்கம் போலவே தோன்றியது. ஆதலின் அக்கருவூலம் 'எக்ஸ்செக்கர்' எனப் பெயர் பெற்றது. பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. கட்டம் போட்ட துணிக்குச் 'செக்' என்ற பெயர் வந்ததும் இப்பலகையின் வழியே. அத்தகைய துணிக்கு உலகெங்கும் புகழ் தேடித் தந்தோருள் நம் கடற்கரை நெசவாளரும் அடங்குவர். மலாய் நாட்டார் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலக்காட்' என்பதில் நம் பழவேற்காட்டின் பெயரே ஒலிக்கிறது.

வங்கிக் 'செக்' இக்குடும்பத்தின் இளைய பிள்ளை. 18ஆம் நூற்றாண்டில் பண ஆணையின் அடிக்கட்டைக்கே முதலில் அப்பெயர் வழங்கியது. போலியைத் தடுக்கவும் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவியதால் அது 'செக்'. பின்னர் ஆணைக்கே அப்பெயர் ஆயிற்று. 'எக்ஸ்செக்கர்' என்பதன் சாயலால் ஆங்கிலேயர் எழுத்தை மாற்றினர். அமெரிக்கர் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டனர். நம் நாட்டில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இதற்கு இலக்கணம் வகுத்தது.

அரபு மொழியில் பண ஆவணத்திற்குச் 'சக்' என்று பெயர். ஒலியும் பொருளும் ஒத்திருத்தலால் அதுவே வங்கிக் செக்குக்கு மூலம் என்பாரும் உளர். ஆயினும் அடிக்கட்டையின் வரலாறு வேறு வழியையே காட்டுகிறது. ஒலி ஒற்றுமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. கோவைச் சிறையில் வ.உ.சிதம்பரனார் இழுத்த செக்குக்கும் இந்தச் செக்குக்கும் எழுத்தன்றி வேறு தொடர்பு உண்டோ? 'எல்லாச் சொல்லும் எம் சொல்லே' என்று ஆர்வத்தால் முழங்குவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். சதுரங்கம் இந்நாட்டது; 'செக்' பாரசீகத்தது. உள்ளதை உள்ளவாறு உரைப்பதால் நம் பெருமை குறையாது.

மற்றொரு படிப்பினையும் உண்டு. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்று கேட்பது முறையன்று. நம்மவர் காசோலை, சரிபார்த்தல், சோதனைச் சாவடி, கட்டம் என இடத்திற்கேற்ற சொற்களைத் தந்துள்ளனர். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கிப் பொருளை இடத்தால் உணர வைப்பதைத் தமிழ் தனித்தனிச் சொல்லால் விளக்கிவிடுகிறது. இது வறுமையன்று, வளமே. தமிழகத்திற்கு வெளியே பன்மொழியாளரிடையே வாழும் நாம் அயற்சொற்களின் வரலாற்றை அறிந்து மதிப்போம். நம் சொற்களை இடமறிந்து வழங்குவோம். வழங்காத சொல், அடிக்கட்டை மட்டும் எஞ்சிய காசோலைப் புத்தகத்தையே ஒக்கும்.